புழு குறுக்குவெட்டு ஸ்லைடு தொகுப்பு: காரைக்குடியில் வாங்கும் முன்

காரைக்குடி ஆய்வகப் பொருள் கடையொன்றில் பிளனேரியா (தட்டைப்புழு), அஸ்காரிஸ் (உருளைப்புழு), மண்புழு மூன்றும் ஒரே பெட்டியில் கிடைக்கின்றன. பதினொன்றாம் வகுப்பில் வரும் உடற்குழி (உடற்சுவருக்கும் குடலுக்கும் நடுவிலுள்ள குழி) பாடத்துக்கு இது போதும்.

பிளனேரியா ஸ்லைடில் குறையில்லை. தோலுக்கும் குடலுக்கும் நடுவே குழியின்றி பாரன்கைமா என்னும் நிரப்புத் திசு நிறைந்திருப்பது 10x லென்ஸிலேயே தெரிகிறது.

அஸ்காரிஸில்தான் கவனம் வேண்டும். இதன் உடற்குழிக்கு வெளிப்பக்கம் மட்டுமே மீசோடெர்ம் (தசை உருவாகும் நடுக் கருப்படலம்) உண்டு. குடற்சுவரில் தசை கிடையாது. அதனால்தான் போலி உடற்குழி. ஆனால் பெட்டியிலிருப்பது பெண் புழுவின் நடுப்பகுதி. முட்டை நிரம்பிய கருப்பைகள் இடத்தை அடைத்துக்கொள்வதால், குழியே இல்லை என்று மாணவர் எழுதிவிடுவார். ஆண் புழு ஸ்லைடாக மாற்றிக் கேளுங்கள். மூடித்தாளில் அஸ்காரிஸை 'உடற்குழியற்றது' என்று அச்சிட்டிருப்பது அதைவிட மோசம்.

மண்புழுவில் வெளியே வட்டத்தசை, உள்ளே நீள்தசை, குழியின் இருபுறமும் பெரிட்டோனியம் (மீசோடெர்மிலிருந்து வரும் மெல்லிய உறை) எல்லாம் தெளிவு. குடலின் உட்புற மடிப்பான டிப்லோசோல் தெரிகிறதா என்று கடையிலேயே பாருங்கள். லாம்பிட்டோ மாரிட்டி என்ற மண்புழு இனத்தில் முன்பகுதியை வெட்டியிருந்தால் அது இருக்காது.

கூடவரும் வகைப்பாட்டு அட்டை பழையது. உடற்குழியை வைத்தே உறவுமுறை வரைந்திருக்கிறார்கள். 1997-இல் வந்த மரபணு ஆய்வுக்குப் பின் உருளைப்புழுக்கள் தோலுரிக்கும் கணுக்காலிகளோடு (பூச்சி, நண்டு போன்றவை) சேர்க்கப்பட்டுவிட்டன. அட்டையை ஓரமாக வையுங்கள்.

செட்டிநாட்டு வெயிலில் முழுதும் உலராத பால்சம் (ஸ்லைடில் ஒட்டப் பயன்படும் பிசின்) இளகி, மேலே மூடிய மெல்லிய கண்ணாடியான கவர்சிலிப் நகரும். ஸ்லைடுகள் படுத்திருக்கும்படி பெட்டியை வைக்கவும்.