நாவலைப் படமாக்கப் பணம் தேடுகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள்

4,80,000 ரூபாய். போனது போனதுதான் என்று நேற்றுதான் உறுதியானது. சூடு ஆறினால் நாசூக்காக எழுதிவிடுவேன், அதனால் இப்போதே எழுதுகிறேன்.

நாவலின் திரைப்பட உரிமையை எழுத்தாளரிடம் முறையாக எழுதி வாங்கியிருந்தோம். சின்ன பட்ஜெட், தென்காசிப் பக்கம் ஒரே ஷெட்யூல். பணம்தான் இல்லை. ஃபைனான்ஸ், காஸ்டிங் இரண்டையும் சேர்த்தே முடித்துத் தருவதாகச் சொல்லும் சாலிகிராமம் ஆபீஸ் ஒன்றுக்கு நண்பர் கூட்டிப்போனார். பெயர் போடாதே என்கிறார் வக்கீல்.

அந்த ஆள் நாவலைப் படித்திருந்தான். கவிழ்த்தது அதுதான். மற்றவர்கள் எல்லாம் 'ஒன் லைன் சொல்லுங்க தம்பி'யோடு சரி. இவன், கிணறு வெட்டும்போது பாறை தட்டும் அத்தியாயத்தைச் சொல்லி, "இங்கதான் சார் இன்டர்வல்" என்றான். எங்கள் ஸ்கிரிப்டிலும் அதே இடம்! பிறகு மெதுவாக, "ஃபைனான்சியர் ரெடி. முகம் தெரிஞ்ச ஹீரோ இல்லாம ஓடிடி வாங்காது, அது இல்லாம இவர் பணம் இறக்க மாட்டார். அட்வான்ஸ் கொடுத்து கால்ஷீட்டைப் பிடிச்சு வெச்சிடுவோம்." தொழிலில் இருப்பவர்களுக்கு இது பொய்யாகவே தோன்றாது, நிலவரம் அப்படி. 4,80,000 கொடுத்தோம். ஹீரோ கையெழுத்தோடு சம்மதக் கடிதம் வந்தது.

அப்புறம் ஆரம்பித்தது. "ஆடி முடியட்டும் சார்." (பணம் வாங்கினதே ஆடியில்தான்!) ஆவணியில், "ஹீரோ ஐதராபாத் ஷூட்ல இருக்கார்." கார்த்திகையில், "ஃபைனான்சியர் மாலை போட்டிருக்கார், இப்பப் பேசக் கூடாது." கடைசியில் போனை எடுத்த பெண், "எந்தப் படம் சார்?" என்றாள். ஹீரோவின் மேனேஜரை நேரில் பிடித்தேன். கடிதத்தைப் பார்த்ததும், "சார் கையெழுத்தே இது இல்லையே" என்றார்.

4,80,000 மட்டுமல்ல நஷ்டம். பதிப்புரிமைச் சட்டம் 19ஆம் பிரிவின்படி, ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதவில்லையென்றால், வாங்கிய உரிமையை ஓராண்டுக்குள் பயன்படுத்தாவிட்டால் அது காலாவதி. எங்கள் ஒப்பந்தத்தில் கெடுவைப் பற்றி ஒரு வரி கிடையாது. இவன் இழுத்த இழுப்பில் அந்த ஓராண்டும் முடியப்போகிறது.

விவரமாக யோசனை சொல்லலாம் என்றுதான் உட்கார்ந்தேன், பொறுமை இல்லை. அட்வான்ஸ் நடிகர் கணக்குக்கு மட்டும், நடுவில் எவனுக்கும் கிடையாது. மேனேஜர் நம்பரை நீங்களே தேடிப் பிடியுங்கள், அவன் தரும் நம்பர் வேண்டாம். உரிமை ஒப்பந்தத்தில் எத்தனை வருஷம் என்று எழுதி வாங்குங்கள். ஆன்லைனில் அனுப்பி ஏமாந்திருந்தால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930க்கு அடியுங்கள். நான் வேப்பேரி கமிஷனர் ஆபீசுக்குக் கிளம்புகிறேன். அதே ஆபீசில் பணம் கட்டியவர்கள் யாராவது இருந்தால் ரசீதோடு வாருங்கள், சேர்ந்தே புகார் கொடுப்போம்.