வீட்டுக்கு வந்து பாக்குற நர்சிங் சர்வீஸ்: தம்பிக்கு ஃபிட்ஸ், அம்மாவுக்கு ஒத்தைத் தலைவலி, மூணு மாச அனுபவம்

தம்பிக்கு 19 வயசு, ஃபிட்ஸ் வந்து மருந்து மாத்திட்டு இருந்த நேரம், அம்மாவுக்கு மைக்ரேன், நான் ஒருத்தி ரெண்டு பேரையும் பாத்துக்க முடியாம போயிதான் ஹோம் நர்சிங் வெச்சோம். பேர் சொல்லல, ஏன்னா ஒரே சர்வீஸ்ல ரொம்ப நல்லதும் பாத்தேன் ரொம்ப மோசமும் பாத்தேன்.

முதல்ல நல்லது. பகல் ட்யூட்டிக்கு வந்த சிஸ்டர். வந்து நாலாவது நாள் தம்பி ஹால்ல நின்னுட்டு இருந்தவன் அப்படியே விழுந்து வெட்ட ஆரம்பிச்சான், நான் கத்திட்டு ஸ்பூன் எடுக்க ஓடுறேன், சிஸ்டர் என் கையப் புடிச்சு "வாயில எதுவும் வைக்கக்கூடாது, நீங்க கடிகாரத்தப் பாருங்க, எத்தன நிமிஷம்னு எனக்கு சொல்லுங்க"ன்னாங்க. ஸ்டூல நகத்துனாங்க, பெட்ஷீட்ட மடிச்சு தலைக்கு அடியில வெச்சாங்க, சட்டை காலர் பட்டனக் கழட்டுனாங்க. கையக் கால அமுக்கிப் புடிக்கவே இல்ல. வெட்டு குறைஞ்சதும் ஒருக்களிச்சுப் படுக்க வெச்சாங்க, எச்சில் தானா வெளிய வழிஞ்சுது. 1 நிமிஷம் 50 செகண்ட். எனக்கு அரை மணி நேரம் மாதிரி இருந்துச்சு. முழுசா தெளிஞ்சு பேர் சொல்ற வரைக்கும் ஒரு வாய் தண்ணி கூட குடுக்க விடல, புரையேறி நுரையீரலுக்குப் போயிடும்னாங்க.

அதுக்கப்புறம் செஞ்சதுதான் எனக்கு பெரிசாத் தோணுச்சு. உக்காந்து நோட்டுல எழுதுனாங்க, முதல்ல வலது கை விரல் துடிச்சுது, தலை வலது பக்கம் திரும்புச்சு, அப்புறம்தான் உடம்பு முழுக்க, முடிஞ்சப்புறம் 20 நிமிஷம் குழப்பம், முந்தின ராத்திரி தூக்கம் சரியில்லன்னு. ரெண்டு வருஷமா நாங்க டாக்டர்கிட்ட "ஃபிட்ஸ் வந்துச்சு"ன்னு மட்டும்தான் சொல்லிட்டு இருந்தோம். அந்த நோட்டப் படிச்சுட்டு டாக்டர் மூளையோட இடது பக்கத்துலேருந்து கிளம்புற மாதிரி இருக்குன்னு சொல்லி மருந்தையே மாத்தினார்.

அம்மா கதை வேற. கண்ணுல வளைஞ்சு வளைஞ்சு வெளிச்சம் தெரியும் ஒரு 20 நிமிஷம், அப்புறம் வலி, வாந்தி, சில சமயம் மூணு நாள் விடாது. அந்த வெளிச்சம் தெரியறப்பவே சிஸ்டர் ஸ்கிரீன இழுத்து விட்டு, டிவிய நிறுத்தி, நெத்திக்கு ஈரத்துணி, பக்கத்துல வாந்திக்கு ஒரு பேசின் வெச்சுடுவாங்க, வலி ஆரம்பிச்ச உடனே மாத்திரை, தாங்க முடியாத வரைக்கும் காத்திருக்க விடல. ஆனா எண்ணிக்கையும் வெச்சுக்கிட்டாங்க. ஒரு மாசத்துல 18 நாள் வலி மாத்திரை! சாதாரண வலி மாத்திரை மாசம் 15 நாள், மைக்ரேனுக்குன்னே குடுக்குற ட்ரிப்டான் வகை மாத்திரை 10 நாள், இப்படி மூணு மாசத்துக்கு மேல போச்சுன்னா மாத்திரையே தலைவலிய உண்டாக்கும்னு டாக்டர் சொன்னப்ப அம்மா முகம் விழுந்துடுச்சு, பாவம், யாருமே அவங்களுக்கு இத சொல்லல. இப்ப வலி வராம தடுக்குற மருந்து போகுது. எப்பவும் வராத மாதிரி திடீர்னு பயங்கரமா வலிச்சாலோ, கை கால் ஒரு பக்கம் மரத்தாலோ, காய்ச்சலோட கழுத்து விறைச்சாலோ மைக்ரேன்னு நினைச்சு வீட்டுல படுத்துடாதீங்கன்னும் சொல்லி வெச்சிருக்காங்க.

இப்ப மோசமானது. சிஸ்டருக்கு லீவு நாள்ல ஏஜென்சி வேற ஆள அனுப்பினாங்க. நோட்டப் பாக்கல, எந்த மருந்து எப்பன்னு ஹேண்ட்ஓவர் விவரமும் கேக்கல. ராத்திரி 9 மணி மாத்திரைய "பையன் தூங்கிட்டான்"னு விட்டுட்டாங்க. ஃபிட்ஸ் மருந்து ஒரு வேளை தப்பினாலே போதும், விடியக்காலைல வந்துடுச்சு. அந்தம்மா அவன் ரெண்டு கையையும் அமுக்கிப் புடிச்சுட்டு இருக்காங்க, நான் போய்த்தான் விலக்கி ஒருக்களிச்சேன், தோள்பட்டை ஒரு வாரம் வலின்னான். ஆபீஸுக்கு போன் பண்ணா "இனிமே பாத்துக்கறோம் மேடம்", அவ்ளோதான். இத என்னால மன்னிக்க முடியல. ஃபிட்ஸ் பேஷன்ட் வீட்டுக்கு அனுப்புற ஆளுக்கு இத கூடவா சொல்லித்தர மாட்டீங்க?

அதனால நீங்க புக் பண்றப்ப, மாத்து ஆள் யாரு, ஃபிட்ஸ் வந்தா என்ன செய்வாங்கன்னு அந்த ஆள்கிட்டயே கேளுங்க. கையப் புடிச்சுப்பேன்னோ வாயில துணி வைப்பேன்னோ சொன்னா வேண்டாம்னு சொல்லிடுங்க.

நாங்க பகலுக்கு அதே சிஸ்டர மட்டும் நீட்டிச்சிருக்கோம், ராத்திரி நானே. ஃபிட்ஸ் 5 நிமிஷம் தாண்டினாலோ தெளியாமலே மறுபடி வந்தாலோ மூக்குல அடிக்க டாக்டர் எழுதிக்குடுத்த, வெட்ட நிறுத்துற மிடாசோலம் ஸ்ப்ரே கட்டில் பக்கத்துலயே இருக்கு, அடிச்சுட்டு உடனே ஆம்புலன்ஸ். உள்ள ஃபிட்ஸ் வந்தா நாங்க போகணுமே, அதனால பாத்ரூம் தாழ்ப்பாள் போடக்கூடாதுன்னதுக்கு தம்பி ரொம்ப சங்கடப்பட்டான், சிஸ்டர்தான் கதவுல "ஆள் இருக்கு"ன்னு ஒரு அட்டைய மாட்டி விட்டாங்க. இன்னையோட 41 நாள் அவனுக்கு ஒண்ணும் வரல, நோட்டுல இப்ப அவனே தூங்குன நேரத்த எழுதுறான்.