மூன்று வருடமாக மின்சார டெலிவரி லாரி: கரண்ட் எங்கே போகிறது, எங்கே திரும்பி வருகிறது

லோடோடு 7 டன் வரும் மின்சார லாரி. மூன்று வருடமாக ஓட்டுகிறேன். வாங்கும்போது எல்லோரும் மோட்டாரைத்தான் புகழ்ந்தார்கள், 90 சதவீதத்துக்கு மேல் திறன் என்று. அது உண்மைதான். ஆனால் தெருத் தெருவாக நின்று நின்று போகும் வேலையில், மைலேஜ் பெரும்பாலும் ரீஜெனில்தான் இருக்கிறது. ரீஜென் என்றால், வேகம் குறையும்போது மோட்டாரே ஜெனரேட்டராக மாறி, வண்டியைப் பிடித்து இழுத்து, அந்த ஆற்றலைக் கரண்டாகப் பேட்டரிக்குத் திருப்பி அனுப்புவது.

50 கிலோமீட்டர் வேகத்தில் போகும் 7 டன் வண்டியின் ஓட்டத்தில் ஏறக்குறைய 0.19 யூனிட் ஆற்றல் இருக்கிறது. ஒரே நாளில் நூறு தடவை நின்று கிளம்பினால் 19 யூனிட். லோடு இறங்க இறங்க இது குறையும், இருந்தாலும் சின்னத் தொகை இல்லை. டீசல் வண்டியில் இது பெரும்பாலும் பிரேக்கில் சூடாகப் போய்விடும், எதுவும் திரும்பி வராது. இங்கே ஒரு நல்ல பங்கு பேட்டரிக்குத் திரும்புகிறது.

ஆரம்பத்தில் தினமும் ராத்திரி 100 சதவீதம் ஏற்றிவிடுவேன். கிடங்கை விட்டு வெளியே வந்ததும் ஒரு நீளமான இறக்கம். முதல் வாரம் அங்கே ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தேன், வண்டி வேகம் குறையாமல் உருண்டுகொண்டே போனது. திடுக்கிட்டு பிரேக்கை மிதித்தேன். பேட்டரி நிரம்பியிருந்தால் திரும்பி வரும் கரண்டுக்கு இடமில்லை, அதனால் ரீஜென் விலகிக்கொள்ளும். அப்புறம் 90 சதவீதத்தோடு நிறுத்திக்கொண்டேன். அதே இறக்கத்தில் இப்போது காலை எடுத்தாலே வண்டி பிடித்து இழுக்கிறது. கடுங்குளிரிலும் ரீஜென் குறையும், குளிர்ந்த செல்லால் வேகமாகச் சார்ஜ் வாங்க முடியாது.

சிக்னலைத் தூரத்திலேயே பார்த்துக் காலை எடுப்பது மிக முக்கியம். கடைசி நொடியில் அழுத்தினால் சாதா பிரேக் சேர்ந்துகொள்ளும், அந்தப் பங்கு வீண்தான்.

நெடுஞ்சாலையில் கதை வேறு. 60-லிருந்து 80-க்குப் போனால் காற்றுத்தடை கிட்டத்தட்ட 1.8 மடங்காகும். நிற்காமல் போவதால் திரும்பி வருவதும் குறைவு. அங்கே வேகத்தைக் குறைப்பதும் டயர் காற்றைப் பார்ப்பதும்தான் வழி.

ஒரு குறை: பிரேக் அதிகம் வேலை செய்யாததால் டிஸ்க் துருப்பிடித்தது. இப்போது வாரம் ஒரு தடவை ஆளில்லாத இடத்தில் நன்றாக அழுத்திப் பிடிக்கிறேன்.

புதிதாக வாங்குகிறவர்கள் மோட்டார் திறனோடு நிறுத்தாமல், எத்தனை சதவீதச் சார்ஜுக்கு மேல் ரீஜென் குறையும் என்றும் கேளுங்கள். முடிந்தால் முழு லோடோடு ஒரு இறக்கத்தில் ஓட்டிப் பாருங்கள்.