250 சுழற்சியில் 140 தலை: ஒரே நாணயத்துக்கு ஐந்து கணக்குகள்

2002 ஜனவரி. யூரோ நாணயங்கள் மக்கள் கைக்கு வந்து சில நாட்கள்தான் ஆகியிருந்தன. போலந்தில் இரண்டு பேராசிரியர்கள் தங்கள் மாணவர்களை வைத்து, பெல்ஜியத்தின் ஒரு யூரோ நாணயத்தை 250 முறை சுழலவிட்டார்கள். சுண்டவில்லை, மேசைமேல் விளிம்பில் நிறுத்திச் சுழற்றினார்கள். மன்னர் இரண்டாம் ஆல்பர்ட்டின் தலை 140 முறை மேலே விழுந்தது, மறுபக்கம் 110 முறை. பூவா தலையா போடுவதற்கு இது லாயக்கில்லாத நாணயம் என்று செய்தி பரவியது. லண்டன் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸைச் சேர்ந்த புள்ளியியலாளர் பாரி பிளைட், பார்த்தால் சந்தேகமாகத்தான் இருக்கிறது என்றார். நாணயம் நேர்மையானது என்றால் இவ்வளவு கோணலான முடிவு வர 7 சதவீதத்துக்கும் குறைவான வாய்ப்புதான் என்பது அவர் சொன்ன காரணம்.

அந்த 7 சதவீதம் எந்தக் கணக்கில் வருகிறது? வேறு கணக்கு போட்டால் என்ன வரும்? பாடப்புத்தகங்கள் வழக்கமாக ஒரு முறையைச் சொல்லித்தந்துவிட்டு நகர்ந்துவிடுகின்றன. போட்டியில் இருக்கும் முறைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்தான் அவற்றின் குணம் தெரிகிறது. பெல்ஜிய நாணயத்தோடு இன்னொரு கற்பனை நாணயத்தையும் சேர்த்துக்கொள்கிறேன்: 10 சுழற்சியில் 8 தலை. இதை ஏன் தேர்ந்தெடுத்தேன் என்பது கொஞ்சத்தில் புரியும்.

இரண்டுக்கும் இன்மைக் கருதுகோள் (சோதிப்பதற்காக முதலில் உண்மை என்று வைத்துக்கொள்ளும் கூற்று) ஒன்றுதான்: தலை விழும் நிகழ்தகவு 0.5. எந்தப் பக்கம் சாய்ந்திருந்தாலும் பிடிக்க வேண்டும் என்பதால் இருமுனைச் சோதனை. கிடைக்கும் பி-மதிப்புகள், அதாவது நேர்மையான நாணயம் இவ்வளவோ இதைவிட அதிகமாகவோ கோணலாக விழும் வாய்ப்புகள், இவை (நடு-பி என்ன என்பது பின்னால் வரும்):

| முறை | 10-ல் 8 | 250-ல் 140 |
|---|---|---|
| நேரடி ஈருறுப்புக் கணக்கு | 10.9% | 6.6% |
| இயல்நிலைத் தோராயம், திருத்தம் இல்லாமல் | 5.8% | 5.8% |
| இயல்நிலைத் தோராயம், தொடர்ச்சித் திருத்தத்தோடு | 11.4% | 6.7% |
| நடு-பி | 6.5% | 5.8% |

இரண்டாவது வரிசையைப் பாருங்கள். 10-ல் 8 என்றால் எதிர்பார்த்ததைவிட 3 கூடுதல். திட்ட விலக்கம் (முடிவுகள் சராசரியிலிருந்து வழக்கமாகச் சிதறும் அளவு) 2.5-இன் வர்க்கமூலம். 250-ல் 140 என்றால் 15 கூடுதல். திட்ட விலக்கம் 62.5-இன் வர்க்கமூலம். வகுத்தால் இரண்டுக்கும் 1.897. அதாவது இந்த முறைக்கு இரண்டு நாணயங்களும் ஒன்றுதான், வித்தியாசமே தெரியாது. நேரடிக் கணக்குக்குத் தெரிகிறது.

காரணம் எளிது. ஈருறுப்புப் பரவல், அதாவது ஒவ்வொரு தலை எண்ணிக்கைக்கும் உள்ள வாய்ப்பு, படிக்கட்டு மாதிரி. 7 தலை வரும், 8 வரும், 7.6 வராது. மணி வடிவ இயல்நிலைப் பரவலோ வழுக்குச்சரிவு. 8 என்ற படியின் அகலம் 7.5-இல் தொடங்குகிறது. ஆனால் திருத்தம் இல்லாத கணக்கு 8-இல் இருந்து அளந்து, பாதிப் படியை விட்டுவிடுகிறது. பத்தே சுழற்சிகள் என்றால் அந்த அரைப்படி பெரிய விஷயம், 250-இல் சின்ன விஷயம். தொடர்ச்சித் திருத்தம் 7.5-இலிருந்து அளப்பதால் நேரடிக் கணக்குக்கு மிக அருகில் வந்து நிற்கிறது.

இங்கே எனக்கு ஒரு பழைய மனத்தாங்கல் உண்டு. சோதனை எண்ணிக்கையைத் தலையின் நிகழ்தகவாலும் மறுபக்கத்தின் நிகழ்தகவாலும் தனித்தனியே பெருக்கி, இரண்டும் 5-க்குக் குறையாமல் இருந்தால் இயல்நிலைத் தோராயம் போடலாம் என்று வகுப்பில் சொல்லித்தருவார்கள். பத்து சுழற்சிக்கு இரண்டும் சரியாக 5. விதிப்படி பாஸ். ஆனால் 10.9% இருக்க வேண்டிய இடத்தில் 5.8% வருகிறது! கணிதவியலாளர் டி மாவ்ர் 1733-இல் இந்தத் தோராயத்தைக் கண்டுபிடித்தபோது அது பெரிய வரம். 250 எண்களின் பெருக்கத்தைக் கையால் போட யாரால் முடியும்? இன்றைக்கு எக்செல் ஒரு நொடியில் போட்டுவிடும். அங்கே ஒரே ஒரு எச்சரிக்கை. 140-உம் அதற்கு மேலும் வேண்டுமென்றால், 139 வரையிலான கூட்டுத்தொகையை 1-இலிருந்து கழிக்க வேண்டும். 140 என்று போட்டால் 140 என்ற படியே காணாமல் போய்விடும். பரீட்சையில் அதிகம் மதிப்பெண் போகும் இடமும் இதுதான்.

அப்படியானால் நேரடிக் கணக்கில் குறையே இல்லையா? இருக்கிறது. 5% மட்டத்தில் (பி-மதிப்பு 5%-க்கு மேல் போகாவிட்டால் நாணயம் கோணல் என்று) முடிவெடுப்பேன் என்று நீங்கள் சொன்னாலும் படிக்கட்டு அதற்கு இடம் கொடுக்காது. பத்து சுழற்சியில் 9 அல்லது 10 தலை, இல்லாவிட்டால் 1 அல்லது 0 வந்தால் மட்டும் நிராகரிப்பது என்றால், உண்மையான தவறு விகிதம், அதாவது நேர்மையான நாணயத்தைக் கோணல் என்று சொல்லிவிடும் வாய்ப்பு, 2.1%. 8-ஐயும் 2-ஐயும் சேர்த்தால் 10.9%-க்குத் தாவிவிடும். நடுவில் நிற்க இடமில்லை. ஆகவே இந்தச் சோதனை சொன்னதைவிடக் கறாராக நடந்துகொள்கிறது. கோணல் நாணயங்கள் பலவற்றைத் தப்பவிடுகிறது. நடு-பி இதற்கான சமரசம்: கையில் வந்த முடிவின் நிகழ்தகவில் பாதியை மட்டும் எண்ணும். நியாயமான யோசனைதான். ஆனால் தவறு விகிதம் 5%-ஐத் தாண்டாது என்ற உத்தரவாதம் அதற்குக் கிடையாது. வழக்கு, மருந்துச் சோதனை மாதிரி விஷயங்களில் நான் அதைத் தொடமாட்டேன்.

ஒருமுனையா இருமுனையா என்பதில் நேரத்தைச் செலவிட வேண்டாம். ஒருமுனை போட்டால் பெல்ஜிய நாணயத்துக்கு 3.3%, உடனே குற்றவாளி. ஆனால் எந்தப் பக்கம் என்று சுழற்றுவதற்கு முன்பே சொல்லியிருக்க வேண்டும். தலை அதிகம் விழுந்ததைப் பார்த்த பிறகு "நான் தலையைத்தான் சந்தேகப்பட்டேன்" என்பது அழுகுணி ஆட்டம்.

இனி ஐந்தாவது. இதுவரை பார்த்த நான்கும் ஒரே கேள்வியைத்தான் கேட்டன: நேர்மையான நாணயம் இவ்வளவு கோணலாக நடந்துகொள்ளுமா? பேயீசிய முறை கூடவே இன்னொன்றையும் கேட்கிறது: சரி, கோணலான நாணயம் என்றால் இதை எவ்வளவு நன்றாக விளக்கும்? கோணல் என்றால் எவ்வளவு என்று தெரியாததால், தலையின் நிகழ்தகவு 0-க்கும் 1-க்கும் நடுவில் எதுவாகவும் சமமாக இருக்கலாம் என்று வைத்துக்கொண்டால் கணக்கு அழகாகச் சுருங்குகிறது. அந்த அனுமானத்தில் 250 சுழற்சியில் 0 முதல் 250 வரை எல்லா எண்ணிக்கைக்கும் ஒரே வாய்ப்பு, 251-இல் 1, கிட்டத்தட்ட 0.4%. நேர்மையான நாணயத்தில் சரியாக 140 வர வாய்ப்பு 0.84%. அதாவது தரவு நேர்மையின் பக்கம் இரண்டுக்கு ஒன்று என்று சாய்கிறது! கேம்பிரிட்ஜின் டேவிட் மெக்கே இதே நாணயத்துக்கு இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டியிருக்கிறார்.

இப்போது 10-ல் 8. கோணல் அனுமானத்தில் 11-இல் 1, அதாவது 9.1%. நேர்மையில் 4.4%. இங்கே கோணலின் பக்கம் இரண்டுக்கு ஒன்று. திருத்தமில்லாத தோராயம் ஒரே தட்டில் வைத்த இரண்டு நாணயங்களை இது எதிரெதிர் பக்கம் நிறுத்துகிறது. நேரடிக் கணக்குக்கும் நேர்மாறாக! அங்கே 250-ல் 140 அல்லவா அதிகச் சந்தேகத்துக்குரியது.

யார் சொல்வது சரி? பேயீசியத் தீர்ப்பை அப்படியே ஏற்கவும் எனக்கு மனமில்லை. தலை 90% விழும் நாணயத்துக்கும் 52% விழும் நாணயத்துக்கும் சம வாய்ப்பு என்று யார் நம்புவார்கள்? வீணாகப் பரப்பிய அந்த அனுமானம்தான் கோணல் கட்சியைப் பலவீனமாக்குகிறது. சரி, கோணல் கட்சிக்கே மிகச் சாதகமாக, தலையின் நிகழ்தகவு துல்லியமாக 0.56 என்று முடிவைப் பார்த்துவிட்டே எழுதிக்கொடுத்தாலும், சாதகம் ஆறுக்கு ஒன்றைத்தான் தொடும். 6.6% என்ற எண் காதில் ஒலிக்கும் அளவுக்கு இது பயங்கரமான சாட்சியம் இல்லை.

என் கையிருப்பு வரிசை இதுதான்: முதலில் நேரடி ஈருறுப்புக் கணக்கு, பக்கத்திலேயே பேயீசிய விகிதம், கணினி இல்லாத பரீட்சை ஹாலில் மட்டும் திருத்தத்தோடு கூடிய தோராயம். திருத்தம் இல்லாதது எதற்கும் வேண்டாம்.

பெல்ஜிய நாணயத்தைப் பொறுத்தவரை எந்த முறையும் தீர்த்துவைக்காது என்பதற்குக் காரணம் வேறு. இன்னும் ஒரே ஒரு தலை விழுந்து 141 ஆகியிருந்தால் நேரடிக் கணக்கின் பி-மதிப்பு 5%-க்குச் சற்றுக் கீழே இறங்கியிருக்கும். உண்மையிலேயே 56% தலை விழும் நாணயம் என்று வைத்துக்கொண்டாலும், 250 சுழற்சியில் 141-ஐத் தொட அதற்குப் பாதிக்கும் குறைவான வாய்ப்புதான். ஐந்தில் நான்கு முறையாவது பிடிக்க வேண்டுமென்றால் ஏறக்குறைய 540 முறை சுழற்றியிருக்க வேண்டும்.