சிப்ஸ் கடை எண்ணெயில ஓடுற பழைய பென்ஸ் 240டி: லண்டன்லேருந்து ஒரு ரிவ்யூ

முதல்லயே சொல்லிடறேன், இந்த வண்டி ஸ்லோ. 1983 மாடல் மெர்சிடிஸ் 240டி, டபிள்யூ123 பாடி, 2.4 லிட்டர் நாலு சிலிண்டர் டீசல், டர்போ கிடையாது, மொத்தமே 72 குதிரைசக்திதான், நூறு கிலோமீட்டர் வேகத்தத் தொடறதுக்கு இருபது செகண்டுக்கு மேல ஆகும், ஏத்தம் வந்தா கியரக் கொறச்சுக்கிட்டே போகணும். பிக்கப் வேணும்ங்கறவங்க வேற வண்டி பாத்துக்கலாம். எனக்கு இது மேல இருக்கற பிரியத்துக்குக் காரணம் வேற. இதுக்கு ஊத்தற டீசல, அதாவது பயோடீசல, நானே வீட்டுக்குப் பின்னாடி ஷெட்ல செஞ்சுக்கறேன், ஈஸ்ட் ஹாம் பக்கம் ஒரு ஃபிஷ் அண்ட் சிப்ஸ் கடையில பொரிச்சு முடிச்ச எண்ணெயிலேருந்து. வண்டி, எண்ணெய் ரெண்டையும் சேத்துதான் இந்த ரிவ்யூ, ஏன்னா ஒண்ண விட்டுட்டு இன்னொண்ணப் பத்திப் பேசவே முடியாது.

ஏன் இவ்ளோ பழைய வண்டின்னு கேக்கறாங்க எல்லாரும். டபிள்யூ123 சீரிஸ் 1976-ல ஆரம்பிச்சு எண்பதுகளோட நடுவுல நிறுத்தறதுக்குள்ள ஏறக்குறைய 27 லட்சம் வண்டி வெளிய வந்துச்சு, ஜெர்மனில டாக்ஸின்னாலே இதுதான்னு ஒரு காலம் இருந்துச்சு, மொராக்கோ ஊர்கள்ல ஊருக்கு ஊரு போற டாக்ஸியா இந்த 240டி பல வருஷம் ஓடிச்சு. எஞ்சின்ல கம்ப்யூட்டர்னு ஒண்ணு கிடையவே கிடையாது. பாஷ் கம்பெனி இன்லைன் இன்ஜெக்‌ஷன் பம்பு, முழுக்க மெக்கானிக்கல், எஞ்சின் ஆயிலே அதுக்கும் லூப்ரிகேஷன் குடுக்கும். டீசல் நேரா சிலிண்டருக்குள்ள போகாது, முதல்ல ப்ரீசேம்பர்ங்கற ஒரு சின்ன அறையில எரிஞ்சு அங்கேருந்து வெளிய வரும், அதனால கொஞ்சம் கெட்டியான எண்ணெயக்கூட பொறுமையா எரிச்சிடும். ஒருதடவ ஸ்டார்ட் ஆயிடுச்சுன்னா எஞ்சின் ஓடறதுக்கு கரன்ட்டே வேண்டாம், சாவியத் திருப்பி ஆஃப் பண்றதுகூட வேக்யூம்லதான் நடக்குது, அந்த வேக்யூம் ட்யூப்ல எங்கயாவது லீக் ஆச்சுன்னா சாவிய எடுத்த பெறகும் எஞ்சின் ஓடிக்கிட்டே இருக்கும், பானெட்டத் தொறந்து ஸ்டாப்புன்னு எழுதின லிவர அமுக்கினா நிக்கும். கதவு லாக்கும் வேக்யூம்தான். இதையெல்லாம் ஸ்பேனர வெச்சு வீட்லயே பாத்துக்கலாம்ங்கறது எவ்ளோ பெரிய விஷயம்னு இன்னிக்கு வர்ற வண்டிங்களப் பாத்தா தெரியும்.

இங்க ஒரு எச்சரிக்கை. இதப் படிச்சிட்டு உங்க புது டீசல் வண்டியில பயோடீசல் ஊத்திடாதீங்க. டிபிஎஃப் (புகையில வர்ற கரித்தூளப் பிடிக்கற ஃபில்டர்) வெச்ச வண்டிங்கள்ல நிறைய மாடல் அந்த ஃபில்டர சுத்தம் பண்றதுக்காக கடைசி நேரத்துல கொஞ்சம் டீசல சிலிண்டருக்குள்ள எக்ஸ்ட்ராவா விடும், சாதா டீசல்னா ஆவியாகிப் போயிடும், பயோடீசல் கொதிநிலை ஜாஸ்தி, ஆவியாகாம சிலிண்டர் சுவர் வழியா இறங்கி எஞ்சின் ஆயில்ல கலந்துடும். ஆயில் நீர்த்துப் போச்சுன்னா பேரிங் போயிடும். புது வண்டிங்கள்ல ஹை ப்ரெஷர்ல டீசல் தெளிக்கற காமன் ரெயில் இன்ஜெக்டர் விலையும் ஞாபகத்துல இருக்கட்டும்.

இப்ப எண்ணெய்க்கு வருவோம். கடைக்காரர் யாழ்ப்பாணத்து அண்ணா, லண்டன்ல இந்த மாதிரி பொரியல் கடைங்க நிறைய நம்ம ஈழத்துக்காரங்க கையிலதான் இருக்கு. மொதல்ல சிரிச்சாரு, இப்ப எனக்காகவே பிரிச்சு எடுத்து வெக்கறாரு, "தம்பி, மீன் பொரிச்சதை வேற கானுக்கை விட்டு வச்சிருக்கிறன், இது சிப்ஸ் மட்டும் பொரிச்சது"ன்னு. மீன் பொரிச்சதுல மாவும் தண்ணியும் ஜாஸ்தி, சிப்ஸ் எண்ணெய் தங்கம். என்ன எண்ணெய்ங்கறதும் முக்கியம். ரேப்சீட் (கடுகு ஜாதி) எண்ணெயா இருந்தா அருமை, பாமாயில்னா குளிர்ல கட்டியாயிடும், யார்க்‌ஷயர் பக்கம் மாட்டுக் கொழுப்புலதான் பொரிப்பாங்க, அது இன்னும் மோசம், அறை சூட்டுலயே உறைஞ்சு நிக்கும்.

செய்யற விதம் இதான். எண்ணெய வடிகட்டி, சூடு பண்ணி தண்ணிய எடுத்துடணும். பெறகு எண்ணெய் எவ்ளோ கெட்டுப்போயிருக்குன்னு பாக்கணும், ஏன்னா திரும்பத் திரும்பப் பொரிச்ச எண்ணெயில ஃப்ரீ ஃபேட்டி ஆசிட் ஏறியிருக்கும், அத நடுநிலையாக்கறதுக்குத் தக்கபடி காரத்த, அதாவது பொட்டாசியம் ஹைட்ராக்சைட, கூட்டணும். ஒரு மில்லி எண்ணெய பத்து மில்லி ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால்ல கரைச்சு, லிட்டருக்கு ஒரு கிராம் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கலந்த தண்ணிய சொட்டு சொட்டா விடணும். நிறம் மாறறதப் பாக்க பீனாப்தலீன் வாங்கலாம், இல்லன்னா சமையக்கட்டு மஞ்சத்தூளே போதும், ஆரத்தித் தட்டுல மஞ்சத்தண்ணியில சுண்ணாம்பு விழுந்ததும் செவக்குதே, அதே வேலைதான் இங்கயும் நடக்குது. செவக்க மூணு மில்லி ஆச்சுன்னா புது எண்ணெய்க்கே வேண்டிய அடிப்படை ஏழு கிராம், அதோட கெட்டதுக்கு மூணு, லிட்டருக்கு பத்து கிராம் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு. அத எண்ணெய் அளவுல அஞ்சுல ஒரு பங்கு மெத்தனால்ல கரைச்சு, 55 டிகிரி சூட்டுல இருக்கற எண்ணெயோட சேத்து ஒண்ணு ரெண்டு மணி நேரம் பம்பு போட்டு சுத்த விட்டு, ராத்திரி முழுக்க அப்படியே விட்டுட்டா காலைல அடியில கருப்பா கிளிசரின், மேல தேன் கலர்ல பயோடீசல். பாக்கறதுக்கு எவ்ளோ அழகா இருக்கும் தெரியுமா, சலிக்கவே சலிக்காது எனக்கு.

அதோட முடியல. கிளிசரின எறக்கிட்டு, தண்ணி தெளிச்சு கழுவி, அதுல உண்டான சோப்பு போற வரைக்கும் திருப்பித் திருப்பி கழுவி, பெறகு காய வெக்கணும். டெஸ்ட் பண்ணாம டேங்க்ல ஊத்தவே கூடாது. மூணு மில்லி பயோடீசல 27 மில்லி மெத்தனால்ல போட்டு குலுக்கினா முழுசா கரைஞ்சு தெளிவா நிக்கணும், அடியில எண்ணெய் சொட்டா தங்கினா இன்னும் மாறாத எண்ணெய் இருக்குன்னு அர்த்தம், திரும்பவும் ரியாக்‌ஷன் போடணும். சூடான வாணலியில ரெண்டு சொட்டு விடுங்க, படபடன்னு வெடிச்சா தண்ணி இருக்கு. பம்பு கெடறதெல்லாம் பெரும்பாலும் இந்த ரெண்டுல ஒண்ண அவசரத்துல விட்டவங்களுக்குத்தான்.

மெத்தனால் விளையாட்டு இல்ல. விஷம், கண்ண பறிக்கும், தோல் வழியாவும் உள்ள போகும், எரிஞ்சா பகல்ல தீயே கண்ணுக்குத் தெரியாது. வீட்டுக்குள்ள, சமையக்கட்டுல, புள்ளைங்க ஓடற எடத்துல செய்யவே செய்யாதீங்க. காத்தோட்டமான ஷெட், கெமிக்கல் க்ளவுஸ், கண்ணாடி, மூடின டேங்க், பக்கத்துல தீயணைப்பான். எண்ணெய் தொடச்ச துணிய சுருட்டிப் போடாதீங்க, தானா சூடேறி பத்திக்கும், விரிச்சுக் காயப் போடுங்க. இவ்ளோ பாத்து செய்ய முடியாதுன்னா தயவு செஞ்சு இறங்காதீங்க.

ஓட்டறதுக்கு எப்படி? பிரமாதம். பயோடீசல்ல சீட்டேன் (சட்டுன்னு பத்திக்கற தன்மை) ஜாஸ்தி, அதனால அந்தப் பழைய டீசல் தடதட சத்தம் நல்லாவே அடங்குது, காலைல ஸ்டார்ட் பண்ணும்போது வர்ற வெள்ளப் புகையும் கொறையுது. லிட்டருக்கு எனர்ஜி எட்டு சதவீதம் கிட்ட கம்மி, மைலேஜ்ல லேசாத் தெரியும். கேலனுக்கு 30 மைல் கிட்ட குடுக்கற வண்டி, கொஞ்சம் கீழ எறங்கும், நான் அதுக்காக வருத்தப்பட்டதே இல்ல.

மாத்தின புதுசுல ஒண்ணு எதிர்பாருங்க. பயோடீசல் நல்ல சால்வென்ட், பல வருஷமா டேங்க்ல ஒட்டிக் கெடந்த கசடு எல்லாத்தையும் கழட்டி எடுத்துட்டு வரும், ஃபில்டர் அடைக்கும். இந்த வண்டியில ஒரு வசதி, மெயின் ஃபில்டருக்கு முன்னாடி கண்ணாடி மாதிரி ஒரு சின்ன ப்ளாஸ்டிக் ஃபில்டர் வெளியவே தெரியும், கருத்துப் போச்சுன்னா மாத்திடலாம், விலையும் சொற்பம். டேங்க்குக்குள்ள ஒரு வலை ஃபில்டரும் இருக்கு, மறந்துடாதீங்க. இன்ஜெக்டர் மேல ஓடற துணி சுத்தின ரிட்டர்ன் ஹோஸ் ரப்பரு, பயோடீசல்ல ஊறி இளகிடும், முன்கூட்டியே பயோடீசலத் தாங்கற விட்டான் (Viton) ரப்பர் ஹோஸா மாத்திடுங்க. பெயின்ட்ல சிந்தினா உடனே தொடைங்க. குளிர்காலத்துல பி100 (கலப்பில்லாத முழு பயோடீசல்) வேண்டாம், பாதிக்குப் பாதி பங்க் டீசல் கலந்துக்கறேன், பாமாயில் சரக்குன்னா பயோடீசல் இன்னும் கம்மியா.

சட்டத்துல இங்க ஒரு நல்ல விஷயம் இருக்கு. 2007-லேருந்து வருஷத்துக்கு 2,500 லிட்டர் வரைக்கும் செய்யறவங்க எரிபொருள் வரி கட்ட வேண்டியதில்ல, எவ்ளோ செஞ்சோம்னு கணக்கு மட்டும் எழுதி வெச்சுக்கணும். கேலனுக்கு 30 மைல்னு வெச்சா 2,500 லிட்டர்ல பதினாறாயிரம் மைலுக்கு மேல ஓட்டலாம், ஒரு குடும்பத்துக்கு வருஷத்துக்குத் தாராளம். அதுக்கு முன்னாடி இப்படி இல்ல, 2002-ல வேல்ஸ்ல லானெல்லிங்கற ஊர்ல சமையல் எண்ணெய வரி கட்டாம டேங்க்ல ஊத்தினவங்கள எக்ஸாஸ்ட்ல வந்த சிப்ஸ் வாசனைய வெச்சே பிடிச்சாங்க. கடையிலேருந்து கழிவு எண்ணெய் எடுக்கறதுக்கும் விதி இருக்கு, என்விரான்மென்ட் ஏஜென்சி வெப்சைட்ல பாத்துக்கங்க.

வண்டி 40 வருஷம் தாண்டினதால ஹிஸ்டாரிக் வகையில போட்டாச்சு, ரோடு டாக்ஸ் இல்ல, எம்ஓடி (வருஷா வருஷம் பண்ற வண்டி சோதனை) கட்டாயம் இல்ல (நான் இருந்தாலும் பண்ணிடறேன், பிரேக்கு விஷயத்துல சமரசம் கூடாது), 2023 ஆகஸ்டுல லண்டன் முழுக்க விரிச்ச யூலெஸ் கட்டணம் (புகை ஜாஸ்தி விடற வண்டிங்களுக்கு) ஒரு நாளைக்கு 12.50 பவுண்டும் இல்ல. பதினஞ்சு வருஷப் பழைய டீசலுக்கு கட்டணம், நாப்பது வருஷப் பழசுக்கு விலக்கு, நெறய பேருக்கு இது கோவம், அந்தக் கோவத்துல நியாயமும் இருக்கு. பயோடீசல் துகள் புகைய ஏறக்குறைய பாதியா கொறைக்குது, கார்பன் மோனாக்சைடும் கொறையுது, ஆனா நைட்ரஜன் ஆக்சைடு லேசா கூடுது. அதனால ஸ்கூல் வாசல்ல, ட்ராஃபிக்ல எஞ்சின ஓட விட்டு நிக்கறது என் வழக்கம் கிடையாது.

எனக்கு இதுல இவ்ளோ பிடிவாதம் ஏன்னா, 2022-ல நடந்தத மறக்க முடியல. ரஷ்யா உக்ரைன் மேல போன சில மாசத்துல இங்க டீசல் லிட்டர் 199 பென்ஸ தொட்டுச்சு. நார்த் ஸீ எண்ணெய் வெச்சு வெளிநாட்டுக்கு வித்துக்கிட்டு இருந்த நாடு, 1999-ல உச்சத்த தொட்டு எறங்கி இப்ப வாங்கற நாடு, 2025-ல கிரேஞ்ச்மவுத் ரிஃபைனரியையும் மூடியாச்சு. எங்கயோ நடக்கற சண்டைக்கு நான் வேலைக்குப் போற செலவு ஏறுது. டீசல் எஞ்சின் பொறந்த காலத்துலேயே 1900 பாரிஸ் கண்காட்சியில கடலை எண்ணெயில ஒண்ண ஓட்டிக் காட்டியிருக்காங்க, விவசாயம் பண்ற ஊரு தன் எண்ணெய தானே எடுத்துக்கலாம்ங்கற எண்ணம் அதக் கண்டுபிடிச்ச ருடால்ஃப் டீசலுக்கே இருந்துச்சு. ஊர்ல இருக்கற எல்லா சிப்ஸ் கடை எண்ணெயும் சேந்தாலும் நாட்டுல ஓடற எல்லா வண்டிக்கும் பத்தாது, அது எனக்கும் தெரியும். என் தெருவுல என் வண்டிக்குப் பத்துது, வடிகாலுக்குப் போயிருக்க வேண்டிய எண்ணெய்.

தமிழ்நாட்லேருந்து கேக்கறவங்களுக்கு: அங்க வீட்ல செய்யாதீங்க. மெத்தனால் மதுவிலக்கு சட்டத்துக்குள்ள வருது, லைசன்ஸ் இல்லாம வெச்சிருக்கவே முடியாது, 2024 ஜூன்ல கள்ளக்குறிச்சியில அறுபது பேருக்கு மேல செத்தது அதே மெத்தனாலாலதான். ஹோட்டல் வெச்சிருக்கவங்க, பொரிச்ச எண்ணெய எடுத்துட்டுப் போய் பயோடீசல் ஆக்கறதுக்கு உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018-ல ஆரம்பிச்ச ரூக்கோ திட்டம் இருக்கு, அதுல பதிவான ஆளுக்குக் குடுங்க, ரோட்டோரக் கடைக்கு திரும்பப் போக விடாதீங்க.

வண்டி வாங்கப் போறவங்க துருவ மட்டும் பாருங்க, எஞ்சின் எத்தன லட்சம் மைல் ஓடியிருந்தாலும் கவலையில்ல. ஜாக்கி வெக்கற எடம், முன் ஃபெண்டர், ஸ்டெப்னி வெக்கற பள்ளம், பின் கண்ணாடிக்கு அடி ஓரம், இந்த நாலு எடத்துலயும் டார்ச் அடிச்சுப் பாருங்க. வால்வு அட்ஜஸ்ட் பண்ண பில்லு கேளுங்க. முக்கியமா எஞ்சின் ஜில்லுன்னு இருக்கும்போது ஸ்டார்ட் பண்ணிப் பாக்கணும், க்ளோ ப்ளக் (ஸ்டார்ட் பண்றதுக்கு முன்னாடி எஞ்சின சூடாக்கற ப்ளக்) லைட் அணைஞ்சதும் ஒரே சுத்துல எடுத்துச்சுன்னா கம்ப்ரெஷன் நல்லா இருக்கு. நீங்க போறதுக்கு முன்னாடியே ஓனர் சூடு பண்ணி வெச்சிருந்தா, இன்னொரு நாள் காலைல வர்றேன்னு சொல்லிட்டு கெளம்பிடுங்க.