கைக்குழந்தையோடு மலைக்குப் போக: ஏலகிரியா, ஜவ்வாது மலையா?

பிரசவத்துக்குப் பிறகு முதன்முதலாக வீட்டைவிட்டு ஓர் இரவு வெளியே தங்கிவர வேண்டும் என்று வேலூர்ப் பக்கத்துக் குடும்பங்கள் நினைத்தால், பேச்சில் பெரும்பாலும் இரண்டு மலைகள்தான் அடிபடும். ஒன்று ஏலகிரி, மற்றொன்று ஜவ்வாது மலை. எங்கள் மகளுக்கு ஐந்து மாதம் முடிந்து, கழுத்து நின்று, குப்புற விழத் தொடங்கியிருந்த சமயத்தில் நானும் கணவரும் இவ்விரண்டையும் எடைபோட்டு ஏலகிரியைத் தேர்ந்தெடுத்தோம். அதன் பிறகும் அங்கேதான் போய் வருகிறோம். ஜவ்வாது மலைக்குக் குழந்தையோடு பகலில் போய்த் திரும்பியிருக்கிறோமே தவிர, இரவு தங்கியதில்லை. ஆகவே நான் ஒரு பக்கம் சாய்ந்துதான் எழுதுகிறேன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

அழகு என்று பார்த்தால் ஜவ்வாது மலைக்கே முதலிடம். ஜமுனாமரத்தூரைச் சுற்றிய சாமை வயல்களும், பலா மரங்களும், பீமன் அருவியும், ஆள் நடமாட்டம் குறைந்த காட்டுச் சாலைகளும் ஏலகிரியில் கிடைக்காதவை. ஆலங்காயம் வழியாக ஏறினால் காவலூர் வானாய்வகம் வரும், 2.3 மீட்டர் விட்டமுள்ள வைணு பாப்பு தொலைநோக்கி 1986 முதல் அங்கே இருக்கிறது. ஆனால் அருவிக்குப் படியிறங்க வேண்டும், நட்சத்திரம் பார்க்க இருட்டும்வரை காத்திருக்க வேண்டும். இருட்டியதும் தூக்கத்துக்கு அழும் குழந்தையை வைத்துக்கொண்டு இவை இரண்டுமே கைகூடாது. குளிரில் இரண்டு மலைகளுக்கும் பெரிய வித்தியாசத்தை நாங்கள் உணரவில்லை.

முடிவைத் தீர்மானிக்க வேண்டியது என்று நான் கருதுவது ஒன்றே ஒன்றுதான்: வழியில் நினைத்த இடத்தில் வண்டியை ஓரங்கட்டி, இறங்கி, உட்கார்ந்து பால் கொடுக்க முடியுமா என்பது. முதல் ஆறு மாதங்களுக்குக் குழந்தைக்குத் தாய்ப்பால் மட்டுமே உணவு, தண்ணீர்கூடத் தேவையில்லை என்பது மருத்துவர்கள் எல்லோரும் சொல்வதுதான். அந்தப் பால் இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை வேண்டும். வெயில் நாளில் அதற்கும் முன்பே கேட்கும். ஓடுகிற காரில் மடியில் கிடத்திப் பால் கொடுத்துவிடலாம் என்று வீட்டில் எல்லோரும் சொன்னார்கள். திடீரென்று பிரேக் போட்டால் எந்தத் தாயின் கையும் குழந்தையைப் பிடித்து நிறுத்தாது என்பதால் நான் அதற்கு உடன்படவில்லை. குழந்தை, காரின் பின்புறத்தைப் பார்த்தபடி பொருத்திய இருக்கையில் வாரால் கட்டப்பட்டுத்தான் வர வேண்டும். குழந்தைகளைப் பாதுகாப்புப் பட்டையோ தனி இருக்கையோ இல்லாமல் ஏற்றிச் செல்வது 2019-ஆம் ஆண்டு திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டப்படி அபராதத்துக்குரிய குற்றமும்கூட. அந்த இருக்கையிலும் கைக்குழந்தையை இரண்டு மணி நேரத்துக்குமேல் தொடர்ந்து கிடத்தக் கூடாது என்பது பொதுவான அறிவுரை. ஆக, பசி வந்தாலும் நிறுத்த வேண்டும், டயப்பர் நனைந்தாலும் நிறுத்த வேண்டும், இரண்டும் இல்லாவிட்டாலும் நேரம் பார்த்து நிறுத்த வேண்டும். நிறுத்த இடமில்லாத சாலை, எவ்வளவு குறுகிய தூரமாக இருந்தாலும் கைக்குழந்தைக்கு நீண்ட சாலைதான்.

இந்தக் கணக்கில் ஏலகிரி எளிதாக முந்துகிறது. வேலூரிலிருந்து ஏறத்தாழ 90 கிலோமீட்டர் என்றாலும் அதில் பெரும்பகுதி பெங்களூரு தேசிய நெடுஞ்சாலை. பள்ளிகொண்டா சுங்கச்சாவடியைத் தாண்டினால் ஆம்பூர், அடுத்து வாணியம்பாடி என்று, அரை மணி நேரத்துக்கு ஒரு ஊராவது வந்துகொண்டே இருக்கிறது. குடும்பத்தோடு உட்கார அறையுள்ள உணவகங்கள், கைகழுவத் தண்ணீர், நடு இரவிலும் டயப்பர் கிடைக்கும் மருந்துக்கடை எல்லாம் இந்த வழியில் உண்டு. பேருந்து நிலையங்களில் 2015-இல் தமிழக அரசு தொடங்கிய பாலூட்டும் அறைகளும் இருக்கின்றன. ஆனால் அறை இருப்பது வேறு, நாம் போகும் நேரத்தில் அது திறந்திருப்பது வேறு. வழியில் ஓரிடத்தில் பூட்டு தொங்கியதால், நான் காருக்குள்ளேயே ஜன்னலில் துண்டைக் கட்டித் தொங்கவிட்டுப் பால் கொடுத்தேன். பெரிய துண்டு ஒன்றும் துணிக் கிளிப்புகள் சிலவும் எப்போதும் வண்டியிலேயே கிடப்பது நல்லது.

மலையேற்றத்தைப் பற்றித்தான் எங்கள் வீட்டில் அதிகம் பயந்தார்கள். அடிவாரத்துப் பொன்னேரியிலிருந்து மேலே போக 14 கொண்டை ஊசி வளைவுகள்; புலவர்கள், வள்ளல்களின் பெயர்களைத் தாங்கி நிற்கும் அவற்றைக் குழந்தை என்னவோ சலனமின்றிக் கடந்துவிட்டாள். இரண்டு வயதுக்குக் கீழ் வளைவுகளால் தலைசுற்றிக் குமட்டுவது அபூர்வம். உண்மையான தொல்லை, வயிறு நிறையப் பால் குடித்த கையோடு வண்டியைக் கிளப்பினால் குழந்தை எதிர்க்களித்துவிடும் என்பதுதான். ஆகவே பொன்னேரியில் புளியமரத்தடியில் நிறுத்திப் பால் கொடுத்து, தோளில் போட்டு முதுகைத் தட்டி, நன்றாக ஏப்பம் வந்த பிறகும் கால் மணி நேரம் கையிலேயே வைத்திருந்துதான் மேலே கிளம்புவோம். இறங்கும்போது காதடைப்பால் சில குழந்தைகள் வீறிட்டு அழும். விழுங்க விழுங்கக் காதடைப்பு நீங்கும் என்பதால், நான் பக்கத்தில் உட்கார்ந்து, கழுவிய விரலைச் சப்பக் கொடுப்பேன். "மலைக்காத்து பச்சப்புள்ளைக்கு ஆகாதும்மா, காதை மூடிக் கட்டு" என்று மாமியார் சொன்னபடி மாலையானதும் குல்லாயும் போட்டோம். அதில் தவறொன்றும் இல்லை.

ஜவ்வாது மலைக்கு வேலூரிலிருந்து போளூர் வழியாகவும் போகலாம், ஆலங்காயம் வழியாகவும் போகலாம். எந்த வழியானாலும் மலை தொடங்கியதும் காடு சூழ்ந்துகொள்கிறது. ஒதுங்கி நிற்க அகலமான இடங்கள் குறைவு, இடையிலுள்ள சிற்றூர்களில் பெட்டிக்கடைதான் இருக்கும், கைப்பேசிச் சமிக்ஞையும் விட்டு விட்டுத்தான் கிடைக்கும். மகள் அழத் தொடங்கி, நிறுத்த ஓர் இடம் தேடியபடி வளைவுக்கு மேல் வளைவாகப் போய்க்கொண்டே இருந்த அந்த நேரம்தான் எங்களுக்கு இரண்டு மலைகளுக்கும் உள்ள வேறுபாட்டைத் தெளிவாகக் காட்டியது. திடீரென்று காய்ச்சல் கண்டால் ஏலகிரியிலிருந்து இறங்கித் திருப்பத்தூர் அல்லது வாணியம்பாடி அரசு மருத்துவமனைக்கு விரைந்து வந்துவிடலாம் என்ற தைரியமும் எங்களுக்குப் பெரிதாக இருந்தது. குழந்தை நடக்கத் தொடங்கி, கையில் கொடுத்த இட்லியைத் தானே தின்னும் வயது வந்தால் இந்தக் கணக்கே மாறிவிடும். அப்போது நான் முதலில் கூட்டிப்போக விரும்புவது ஜமுனாமரத்தூருக்குத்தான்.

கார் இல்லாதவர்களுக்கும் ஏலகிரியே வசதி. காட்பாடியிலிருந்து ஜோலார்பேட்டைக்கு ரயிலில் சுமார் ஒன்றேகால் மணி நேரம். ரயிலில் பயணத்தை நிறுத்தாமலேயே பால் கொடுக்கலாம், மடியில் கிடத்தலாம், நடந்து தாலாட்டலாம். அந்த வகையில் காரைவிட இது மேல் என்றே சொல்வேன். ஆனால் நாங்கள் திரும்பும் வழியில் மட்டுமே ரயிலில் வந்திருக்கிறோம், அதுவும் கூட்டமில்லாத நேரத்தில்; பண்டிகை நாளில் எப்படி இருக்கும் என்பதை நான் உறுதியாகச் சொல்ல இயலாது. ஜோலார்பேட்டையிலிருந்து மலைக்கு ஆட்டோவில் ஏறுவதைவிட, குழந்தை இருக்கையைப் பொருத்தக்கூடிய வாடகைக் காரை முன்கூட்டியே பேசிவைப்பது நல்லது. பேருந்தில் இடையில் மாறி ஏறி, மூட்டை முடிச்சுகளோடு கைக்குழந்தையையும் தூக்கிச் செல்வதை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன்.

இரவு தங்கவே வேண்டாம், சற்று நேரம் வெளிக்காற்று பட்டால் போதும் என்பவர்களுக்கு அமிர்தி இருக்கிறது. வேலூரிலிருந்து 25 கிலோமீட்டர், ஜவ்வாது மலையடிவாரம், மான்களும் மயில்களும் உள்ள சிறு பூங்கா. காலைப் பாலைக் கொடுத்துவிட்டுக் கிளம்பினால் வெயில் ஏறுவதற்குள் வீட்டுக்கு வந்துவிடலாம். மூன்று நான்கு மாதக் குழந்தைக்கு இதுவே நிறைவானது.

ஏலகிரியில் அறை எடுக்கும்போது தரைத்தளத்தில் கேளுங்கள். அறுவைச் சிகிச்சையில் பிரசவித்தவர்களுக்குக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு மாடி ஏறுவது பல மாதங்கள் வரை வலிக்கும். தூளி கட்டக் கொக்கி இருக்கிறதா என்றும் விசாரியுங்கள். எங்கள் மகள் தூளியில்லாமல் கண்ணயர மாட்டாள் என்பதால், மடக்கக்கூடிய இரும்புத் தூளி ஸ்டாண்டையே காரில் ஏற்றிக்கொண்டு போகிறோம். கொசுவலை கட்டாயம் வேண்டும். புங்கனூர் ஏரியில் படகு சவாரி செய்ய நாங்கள் போவதில்லை, கைக்குழந்தைக்குப் பொருந்தும் மிதவைச் சட்டையை அங்கே நான் பார்த்ததில்லை. ஏரியைச் சுற்றி, துணியால் மார்போடு அணைத்துக் கட்டிக்கொண்டு காலையில் நடப்பதே போதுமான இன்பம்.

கத்திரி வெயிலில் வேலூர் 40 டிகிரியைத் தாண்டும்போது ஏலகிரி குளுகுளுவென்று இருக்கும் என்று நம்பிக் கிளம்ப வேண்டாம். கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,100 மீட்டர் உயரம் என்பதால் வேலூரைவிட ஐந்தாறு டிகிரி குறையும், அவ்வளவுதான். நடுப்பகலில் அங்கேயும் குழந்தைக்கு வேர்க்கும். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் நாங்கள் இரண்டு மலைகளிலும் ஏறியதில்லை, கைக்குழந்தையோடு ஏறவும் மாட்டோம். டிசம்பர் பிற்பகுதியிலிருந்து பிப்ரவரி வரை சரியான காலம். நாளைக் குறிக்கும் முன் தடுப்பூசி அட்டையை எடுத்துப் பார்த்துவிடுங்கள்: 6, 10, 14-ஆவது வாரங்களில் ஊசி போட்டால் ஓரிரு நாள் காய்ச்சலும் சிணுங்கலும் இருக்கக்கூடும் என்பதால், ஊசிக்கும் பயணத்துக்கும் நடுவே ஒரு வாரமாவது இடைவெளி விடுவது நல்லது.