இங்கிலாந்துச் சிற்றூர்ப் பதிவேடுகளுக்கு ஓர் ஆண்டுச் சந்தா

அல்சூரில் வாழும் என் மாமியாரின் கொள்ளுத்தாத்தாவுக்குத் தந்தை ஓர் ஆங்கிலேயச் சிப்பாய் என்றும், பெங்களூரு கண்டோன்மென்டில் பணி முடித்து இங்கேயே தங்கிவிட்டார் என்றும் அவர்கள் வீட்டில் சொல்வார்கள். அந்தப் பேச்சுக்குச் சான்று தேடித்தான் குடும்ப வரலாற்று ஆவணங்களை இணையத்தில் வழங்கும் சேவை ஒன்றில் சென்ற ஆண்டு சந்தா கட்டினேன்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். ஓய்வூதியம் பெற்ற பிரிட்டிஷ் சிப்பாய்களின் விடுவிப்புத் தாள்கள் லண்டன் கியூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தைச் சேர்ந்தவை. பிறந்த பங்கு (ஒரு தேவாலயத்தின் ஆளுகைக்கு உட்பட்ட ஊர்ப்பகுதி) எது, மாவட்டம் எது என்பதை அந்தத் தாளிலேயே எழுதிவிடுவார்கள். எங்கள் சிப்பாயின் தாள் இரண்டே நாளில் கிடைத்தது. நார்ஃபோக் மாவட்டத்தில் ஒரு தேவாலயமும் அதைச் சுற்றிச் சில வயல்களும் மட்டுமே கொண்ட ஒரு சிறு பங்கு அவருடைய ஊர். குலதெய்வம் எந்த ஊரில் இருக்கிறது என்று கேட்டே பூர்வீகத்தைக் கண்டுகொள்ளும் நமக்கு, 1662-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பின் அந்நாட்டு ஏழைக்கும் ‘உன் பங்கு எது’ என்ற கேள்வியே வாழ்வாதாரமாக இருந்தது என்பது எளிதில் புரியும். அச்சட்டப்படி ஏழைகளுக்கான நிவாரணம் சொந்தப் பங்கில்தான் கிடைக்கும்.

சிக்கல் அதற்குப் பிறகுதான் தொடங்கியது. இங்கிலாந்துப் பங்குகளில் ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் ஆகியவற்றைப் பதியும் வழக்கம் 1538-இல் வந்தது. 1813 முதல் அச்சிட்ட படிவத்தில் தந்தையின் தொழிலும் இருப்பிடமும் சேர்ந்தன. எங்கள் சிப்பாய் 1817-இல் பிறந்தவர் என்பதால் அந்தப் படிவத்தில் அவர் இருந்தாக வேண்டும். தேடினால் இல்லை. மூன்று வாரங்கள் கழித்து, ஊரின் பக்கங்களை ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்தபோதுதான் உண்மை தெரிந்தது: குடும்பப் பெயரின் முதலெழுத்தான ‘டி’யை ‘எஃப்’ என்று படித்து, சேவையின் பெயர்த் தேடல் அட்டவணையில் ஏற்றியிருக்கிறார்கள். தந்தையின் தொழில் ‘கூலியாள்’ என்று அழகிய கையெழுத்தில் அப்பக்கத்தில் இருக்கிறது. பெற்றோரின் திருமணப் பதிவில் மணமகள் பெயருக்கு எதிரே ஒரு சிலுவைக்குறி மட்டுமே உள்ளது. 1754 முதல் மணமக்கள் ஒப்பமிட வேண்டும் என்று சட்டம் வந்ததால், எழுதத் தெரியாதவர்கள் நம்மூர்க் கைநாட்டைப் போல அப்படிக் குறியிட்டார்கள். மாமியார் அந்தக் குறியை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

அட்டவணையின் இன்னொரு குறை குடும்ப மானத்தையே தொட்டது. மூதாதையர் ஒருவரின் திருமணம் 1731 ஏப்ரல் என்றும், முதல் குழந்தையின் ஞானஸ்நானம் 1731 பிப்ரவரி என்றும் காட்டியது. அங்கே 1752 வரை ஆண்டு மார்ச் 25-இல்தான் பிறந்தது; ஆகவே அந்தப் பிப்ரவரி, நம் கணக்கில் 1732. இதை ஒரு வரியில் விளக்கியிருக்கலாம். விளக்கவில்லை.

1841 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் பதினைந்துக்கு மேற்பட்டோரின் வயதைப் பொதுவாக ஐந்தின் மடங்காகக் குறைத்து எழுதினார்கள் என்பதையும் வெளியில் படித்தே தெரிந்துகொண்டேன். பதிவேட்டில் இரண்டு பக்கங்கள் கிழிந்திருந்த இடத்தில், பேராயருக்கு ஆண்டுதோறும் அனுப்பிய நகல் எங்களைக் காப்பாற்றியது. அதைக் காட்டியது இந்தச் சேவையன்று, கட்டணமே இல்லாத ஃபேமிலிசர்ச் தளம். பெங்களூரில் நடந்த சிப்பாயின் திருமணப் பதிவின் நகல் சென்னை மாகாணத் தேவாலயப் பதிவுகளோடு லண்டனுக்குப் போய், இன்று பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கிறது. அதற்கான குறிப்பைப் பிரிட்டிஷ் இந்தியக் குடும்பங்களுக்கான ஃபிபிஸ் சங்கத்தின் இலவசத் தேடலில் கண்டேன்.

எனவே, மூலப் பக்கத்தின் படத்தைப் பார்க்க முடிகிறது என்பதற்காக மட்டும் இந்தச் சந்தாவை வாங்கலாம். அட்டவணையை நம்பி வாங்காதீர்கள். வாங்கினால் ஒரு மாதத்துக்கு வாங்குங்கள். என் அனுமதி கேளாமல் மறு ஆண்டுக்கும் பவுண்டில் பணம் எடுத்தார்கள். நான்கு மடல்களுக்குப் பிறகே திருப்பித் தந்தார்கள். பங்கின் ஏழை நிவாரணத் தாள்கள் இச்சேவையில் இல்லை. அந்தக் கூலியாள் எந்த ஊரிலிருந்து எந்த ஊருக்குத் துரத்தப்பட்டார் என்பது அவற்றில்தான் இருக்கும். திரும்பி வந்த பணத்தை, நகல் கேட்டு நார்ஃபோக் மாவட்ட ஆவணக் காப்பகத்துக்கு அனுப்பியிருக்கிறேன்.